ஒற்றைக் கோடு

1

தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்தி இழுத்தால் ஒரு சத்தம் வரும். காய்ந்த வாழைமட்டை கிழிவது போல, ஆனால் அதைவிட மெல்லியது. போன திங்கட்கிழமை, நூற்று நாற்பது மாணவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த தேர்வுக்கூடத்தில், வெப்பக் குழாய்களின் முனகலுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்டது. நான் கண்காணிப்பில் இருந்தேன். நின்ற இடத்திலேயே உறைந்தேன் என்று சொன்னால் கனடாவின் டிசம்பரில் அது பெரிய செய்தியில்லை. ஆனாலும் உறைந்தேன்.

இந்த ஊரில் யாரும் தாளை மடிப்பதில்லை. நான் இங்கே கணிதம் படிக்க வந்தும், பிறகு இதே பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்க அமர்ந்தும் இருபத்து நான்கு டிசம்பர்கள் ஆகிவிட்டன. ஒருவர்கூட மடித்ததில்லை. மெல்ல நடந்து ஐந்தாவது வரிசைக்குப் போனேன். ஒல்லியான பையன், நேபாளத்திலிருந்து வந்தவன் என்று பெயர்ப் பட்டியலில் பார்த்த நினைவு. வலது ஓரத்தில் மூன்று விரற்கடை அகலத்துக்கு மடிப்பு. அந்த ஓரத்தின் தலையில் ‘ரஃப் ஒர்க்’ என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு. நான் என் கல்லூரி வகுப்பின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது போல இருந்தது.

தேர்வு தொடங்கும் முன் கரும்பலகையில் நான் எழுதிப்போட்டிருந்தேன், எதையும் அடிக்காதீர்கள் என்று. என் தேர்வுகளில் எப்போதும் எழுதுவேன். பையன் கேட்கவில்லை. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, மேலிருந்து கீழாக, வலது ஓரம் முழுவதற்கும் ஒரு சாய்கோடு இழுத்தான். கை தானாகச் செய்கிற வேலை அது. மூளைக்குத் தகவல் போவதில்லை.

அந்த வாரம் எனக்கு வீட்டில் இரண்டு காரியங்கள் இருந்தன, இரண்டும் வெள்ளிக்கிழமையில் போய் முட்டிக்கொண்டு நின்றன. மூன்று மாதம் என்னோடு இருந்த அண்ணன் யோசுவா வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறார். என் மகள் நவோமி பல்கலைக்கழகத்தில் திரும்பச் சேர்வதற்கான படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமை. மாலை நாலரைக்குள் கொடுக்காவிட்டால் அவளுடைய இடம் போய்விடும்.

2

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில் தாளுக்கு ஒரு வாசனை இருந்தது. சுட்ட பிசினும் இரும்புத்தூளும் கலந்தது. கடையில் வாங்கிய நோட்டில் அந்த வாசனை வராது. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் லாரிகளுக்கு பிரேக் லைனிங் செய்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். விடிகாலை சைக்கிளில் ஒரகடம் வரை போய், அங்கே கம்பெனி வண்டி ஏறுவார். மணிக்கு ஒரு தடவை லைனிலிருந்து பத்து உருப்படி எடுத்து, கனம் அளந்து, அச்சடித்த படிவத்தில் எழுதவேண்டும். கம்பெனி படிவத்தின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் பழையது கட்டுக்கட்டாகக் குப்பைக்குப் போகும். சூப்பர்வைசரிடம் கேட்டு அண்ணன் அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். முன்பக்கம் கட்டம் கட்டமாக இருக்கும். பின்பக்கம் என்னுடையது.

அந்தப் பின்பக்கங்களில்தான் நான் பி.எஸ்ஸி படித்தேன், எம்.எஸ்ஸி படித்தேன். தாம்பரம் போகிற பஸ்ஸில் படப்பை வரும்வரை மடியில் வைத்துப் போட்ட கணக்குகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கி இருக்கும். படப்பையில் இறங்குகிறவர்கள் இறங்கியதும் சீட் கிடைக்கும். அங்கிருந்து கணக்கும் நேராக ஓடும்.

தப்பு வந்தால் நான் கிறுக்கித் தள்ளுகிறவள். பேனா கிழித்துக்கொண்டு அடுத்த தாளுக்கும் போகும். ஒருநாள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. கம்பெனியில் எழுதின எண் ஒன்று தப்பென்று தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்று காட்டினார். மேலே மேலே எழுதக்கூடாது. வெள்ளை மை பூசக்கூடாது. கிழிக்கவே கூடாது. ஒரே ஒரு கோடு, எண்ணின் நடுவில். பக்கத்தில் சரியான எண். அதன் பக்கத்தில் கையெழுத்து. ஏன் என்று கேட்டேன்.

“அடிச்சது இன்னான்னு நாளைக்கு ஒருத்தன் வந்து பாக்கணும்ல. ஒருவேள அதுதான் சரின்னு வச்சிக்கோ, அப்ப இன்னா பண்ணுவ?”

அன்றிலிருந்து நான் ஒற்றைக் கோடுதான். கல்லூரியில் கற்ற பழக்கம் வேறு. வலது ஓரத்தில் மடிப்பு, அதற்குள் ரஃப் ஒர்க், தேர்வு முடிகையில் அந்த ஓரம் முழுவதையும் அடித்துவிடவேண்டும். எழுதாமல் விட்ட பக்கத்தையும் அடிக்கவேண்டும். அடிக்காமல் விட்டால் திருத்துகிறவருக்குக் கோபம் வரும் என்று எங்கள் எல்லாருக்கும் சொல்லப்பட்டிருந்தது. யார் முதலில் சொன்னார்கள், கோபம் வந்த அந்தத் திருத்துகிறவர் எங்கே இருக்கிறார், யாருக்கும் தெரியாது. கல்லூரிக் கோடும் கம்பெனிக் கோடும் என் கையில் ஒன்றாய்ச் சேர்ந்துகொண்டன.

3

1991 ஆகஸ்டில் கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூர் என்ற எங்கள் தாலுகாவின் பெயர், குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு உலகம் முழுவதும் ஒலித்திருந்தது. அதற்கு முன்பு மெட்ராஸிலேயே பாதிப் பேருக்கு வழி சொல்லவேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், பிறந்த ஊர், படித்த பள்ளி, அண்ணன் வேலை, யார் யார் வீட்டுக்கு வந்துபோகிறார்கள் என்று கேட்டதையே மூன்று முறை கேட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான்காவது டம்ளரில் அவர் எழுந்துவிட்டார்.

டொரண்டோவில் குடிவரவு மேசையில் இருந்த பெரியவர், பிறந்த இடத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செய்தியில் கேட்ட ஊரா என்றார். ஆமாம் என்றேன். அங்கே வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். இருபத்து மூன்று வயதில், இருபது மணி நேரம் தூங்காமல் வந்து நிற்கும்போது, அப்படி ஒரு கேள்விக்கு என்ன சொல்வது? ஏரி இருக்கிறது, நெல் இருக்கிறது, லாரிக்கு பிரேக் செய்கிறார்கள் என்றேன். முத்திரை குத்தினார்.

பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்போடு ஒரு சின்ன வகுப்பும் கொடுத்தார்கள், முதலாண்டு மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சி. முதல் நாள் பலகையில் நின்று, “டூ இன்ட்டு சிக்ஸ்” என்று சொல்லிப் பன்னிரண்டு என்று எழுதினேன். வகுப்பு முழுவதும் மூன்று என்று முணுமுணுத்தது. அவர்களுக்கு அந்த வார்த்தை வகுத்தல். எனக்குப் பிறந்ததிலிருந்து பெருக்கல். ஒரு வாரம் அவர்கள் வகுக்க, நான் பெருக்க, இரண்டு பக்கமும் மரியாதையாக ஒருவர் மூளையை ஒருவர் சந்தேகித்துக்கொண்டோம்.

அலுவலகத்தில் கையில் கொடுத்த சேர்க்கைக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. எங்கள் மூன்று வருடப் பட்டத்தை இவர்கள் நான்கு வருடப் பட்டத்தோடு எந்தத் தராசில் வைப்பது என்று தெரியாமல், டிசம்பரில் ஒரு தேர்வு வைப்போம், ஆறு கேள்வியில் நான்கு சரியானால் தொடரட்டும், இல்லையென்றால் ஜனவரியில் திரும்பட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். இதை நான் வீட்டுக்கு எழுதவில்லை. விமான நிலையத்துக்கு வேன் பிடித்து வந்த முப்பது பேரின் முகம் கண்ணில் நின்றது. வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவும், எனக்காக உபவாச ஜெபம் வைத்த எங்கள் சபையும், ஒரே வேனில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்கள். அவர்களிடமெல்லாம் எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

4

அண்ணன் இந்த செப்டம்பரில் வந்திறங்கியபோது ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம். எனக்குப் பதினோரு வருடம் மூத்தவர். அவருடைய பெட்டியில் பாதி கருவாடு. அதைச் சுங்கத்தில் எப்படிக் கடந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவோமிக்கு இருபது வயது. என் பல்கலைக்கழகத்திலேயே, என் துறையிலேயே, இரண்டாம் ஆண்டில் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். சண்டையில்லை, அழுகையில்லை. ஒருநாள் காலை, இனி போகவில்லை என்றாள். இப்போது ஆற்றங்கரைத் தெருவில் ஒரு சைக்கிள் கடையில் பழுது பார்க்கிறாள். என் கணவர் வாரத்தில் ஐந்து நாள் வடக்கே சுரங்க நகரத்தில் இருப்பவர், ஒரு வருடம் போகட்டுமே என்றார். நான் ஊரில் கேட்பவர்களிடம் படிக்கிறாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிற வாய்க்கு ஒரு ருசி பழகிவிடுகிறது, அதைப் பற்றி இன்னொரு நாள் வெட்கப்படலாம்.

மாமனுக்கு ஆங்கிலம் வராது, மருமகளுக்குத் தமிழ் வராது, மூன்று மாதம் எப்படி ஓடப்போகிறது என்று கவலைப்பட்டேன். வீணாய்க் கவலைப்பட்டேன். முப்பத்தைந்து வருடம் கம்பெனியில் இருந்தவருக்கு ஷிஃப்ட், லைன், டாலரன்ஸ், ரீஒர்க், ரிஜெக்ட், ஓவர்டைம் எல்லாம் தாய்மொழி. நவோமி கடையிலிருந்து ஒரு பிரேக் கட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, முகர்ந்தார். அடுத்த நாள் காலை அவர் மங்கி குல்லாய் போட்டுக்கொண்டு அவளோடு கடைக்குப் போனார். அதற்கடுத்த நாளும். பிறகு அது ஷிஃப்ட் ஆகிவிட்டது.

கடைக்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அண்ணன் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு அட்டை கட்டி, என்ன பழுது, யார் பார்த்தது, எப்போது பார்த்தது என்று எழுதவைத்துவிட்டார். ஒருநாள் மாலை வீட்டு மேசையில் நவோமி அந்த அட்டை ஒன்றில் எதையோ தப்பாக எழுதி, கறுப்பாகத் தீற்றினாள். அண்ணன் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினார்.

“பாப்பா, நோ, நோ. ஒன் லைன். சிங்கிள். அப்பால சைன்.”

“ஏன் மாமா?”

“அண்டர்ல இன்னா கீதுன்னு தெரியணும்.”

நவோமி ஒற்றைக் கோடு போட்டுக் கையெழுத்திட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்தவில்லை.

அந்தப் படிவம் பத்து நாளாகக் குளிர்பெட்டியின் கதவில், மிளகாய்ப் பழ வடிவ காந்தத்தின் கீழ் தொங்கியது. நான்தான் வாங்கி வந்து வைத்தேன். பெயர், மாணவர் எண் எல்லாம் அவள் எழுதியிருந்தாள். காரணம் எழுதவேண்டிய கட்டத்தில் ஏதோ ஒரு வரி எழுதி, அதை அடித்திருந்தாள். கையெழுத்துப் போடவில்லை. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த அடித்த வரி கண்ணில் படும். அடித்திருக்கிறாள் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. கிட்டப் போய்ப் படிக்கவில்லை.

5

1991 டிசம்பர்த் தேர்வில் ஐந்தாவது கேள்வி இப்படி இருந்தது. இரு முனைகளும் சேர்ந்த இடைவெளியில் உண்மையாக இருக்கும் ஒரு தேற்றம், முனைகள் விடுபட்ட இடைவெளியிலும் உண்மையாக இருந்தே தீருமா? இல்லையென்றால் ஓர் எடுத்துக்காட்டு தருக.

அறுபடாத கோடு எங்கேயும் கட்டுமீறித் துள்ளாது என்று சொல்லும் அந்தத் தேற்றம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். கூறு, நிரூபி என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். ஆனால் இவர்கள் கூறச் சொல்லவில்லை, நிரூபிக்கவும் சொல்லவில்லை. உடையுமா என்று கேட்டார்கள். உடைக்கச் சொல்லி என்னை யாரும் அதுவரை கேட்டதில்லை.

வலது ஓரத்துக்குள் போனேன். அங்கே ஒரு ரம்பம் வரைந்தேன். ஒரே உயரமுள்ள பற்கள், ஆனால் விடுபட்ட முனையை நெருங்க நெருங்க அகலம் குறைந்துகொண்டே வரும். பல்லுக்குப் பல் பாதி, பாதியில் பாதி. கோடு எங்கும் அறுபடவில்லை. உயரமும் வரம்பு தாண்டவில்லை. ஆனால் அந்த முனைக்குப் பக்கத்தில் அதற்குப் பைத்தியம் பிடிக்கிறது. அங்கே தேற்றம் செத்துவிடுகிறது. நான்கு வரியில் ஏன் என்றும் எழுதினேன். எழுதும்போது காது சூடாக இருந்தது.

பிறகு நிமிர்ந்து, தாளின் நடுவில், நல்ல கையெழுத்தில், பழைய தேற்றத்தைக் கூறி நிரூபித்தேன். இரண்டு பக்கம். முக்கியமான இடங்களில் அடிக்கோடு. மணி அடிக்கப் போகும்போது வலது ஓரத்தை அடித்தேன். ரம்பத்தின் மேல், மேலிருந்து கீழாக, ஒற்றைக் கோடு.

மூன்றாம் நாள் பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். கடுமையான சளி. மேசையில் கைக்குட்டைகளின் மலை. நான் கேட்காத கேள்விக்கு அழகாகப் பதில் எழுதியிருக்கிறாய் என்றார். கேட்ட கேள்விக்கான பதில் இங்கே ஓரத்தில் இருக்கிறது, அதை அடித்திருக்கிறாய். மற்ற கேள்விகளில் மூன்று சரி. இது நான்காவது. அடித்ததைத் திருத்தக்கூடாது என்று விடைத்தாள் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. ஏன் அடித்தாய்?

ரஃப் ஒர்க் என்றேன். அப்படியென்றால் என்ன என்று அவர் உண்மையாகவே கேட்டார். விளக்கினேன். வலது ஓரம், மடிப்பு, நகம், திருத்துகிறவரின் கோபம் எல்லாம். அவர் மூக்கைச் சீந்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை குழு கூடுகிறது, மூன்று பேர், உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்போம், இது தவறென்று நினைத்து அடித்தாயா இல்லையா, நன்றாக யோசித்துவிட்டு வா என்று அனுப்பினார்.

அந்த மூன்று நாளில்தான் வீட்டுக்கு ஓர் ஏரோகிராம் எழுதினேன். இங்கே குளிர் அதிகம், ஸ்வெட்டர் போதும், சாப்பாடு பழகிவிட்டது, அம்மா முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாளா? நீலத் தாள் நிறையும்வரை எழுதினேன்.

வியாழக்கிழமை நீள மேசைக்கு எதிரே நின்றேன். கேட்டார்கள். பஸ்ஸிலும் ஓரத்திலும் பின்பக்கங்களிலும் ஐந்து வருடம் கணக்குப் போட்டவளுக்கு அப்போதுதான் அது பிடிபட்டது. தவறென்று நினைத்து அடிக்கவில்லை என்றேன். நடுவில் இருப்பது புத்தகத்தில் இருப்பது. ஓரத்தில் இருப்பது நான் நினைத்தது. நான் நினைத்ததற்கு மதிப்பெண் உண்டு என்று எனக்குத் தெரியாது.

ஓரத்தில் இருந்தவர் விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கோடுதான் என்பதால் எல்லாம் படிக்க முடிகிறது என்றார். பேராசிரியை, புத்தகங்களில் இதற்கு ஒரு நேர்த்தியான சூத்திரம் உண்டு, இந்தப் பெண் ரம்பத்தை வைத்து அதே இடத்துக்கு வந்திருக்கிறாள் என்றார். தும்மினார். மாலை என் அஞ்சல் பெட்டியில் பாதித் தாள் ஒன்று கிடந்தது. தொடரலாம் என்ற ஒரு வரியும் மூன்று கையெழுத்துகளும்.

6

இதையெல்லாம் நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. கணவருக்கு மட்டும் தெரியும். வியாழக்கிழமை மத்தியானம், பெட்டி கட்டி முடித்து, வாசற்படியில் பனி வாரிக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னேன். அந்த நேபாளத்துப் பையனில் ஆரம்பித்து, ரம்பம், சளி, மூன்று கையெழுத்து வரை. அவர் வாருவதை நிறுத்தவில்லை. பனியை ஒரே அளவுக் குவியல்களாக, லைனில் உருப்படி வைப்பது போல வைத்துக்கொண்டே வந்தார். முடித்ததும் மண்வெட்டியில் சாய்ந்து நின்றார்.

“அந்தம்மாவுக்கு சளி சரியாச்சா?”

ஆயிற்று என்றேன்.

“நேபாளத்துப் பையன் அடிச்சதுல இன்னா இருந்துச்சு?”

காலையில்தான் அந்தத் தாளைத் திருத்தியிருந்தேன். ஆசையோடு கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரத்தைப் படித்தேன். இரண்டு பெருக்கலும் ஒரு பூனைப் படமும் இருந்தன. சொன்னதும் அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பூனைக்கு மார்க் போட்டியா என்றார். பூனை நன்றாகவே இருந்தது, அதற்கு எந்தக் கேள்வியும் கேட்கப்படாதது அதன் தலையெழுத்து.

நவோமி வந்து, மாமா, ஷிஃப்ட் என்றாள். கடைசி ஷிஃப்ட். இருவரும் கிளம்பினார்கள். பனி வாரிய பாதையில் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னோடு நடக்கும்போது எப்போதும் இரண்டடி முன்னால் போவாள். அவரோடு நடக்கையில் அடி ஒன்றாய் விழுந்தது.

7

வெள்ளிக்கிழமை காலை நவோமி வாசலிலேயே மாமனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, கடை திறக்கவேண்டும் என்று ஓடிவிட்டாள். காரை நான் ஓட்டினேன். கிளம்புவதற்கு முன் குளிர்பெட்டியிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விமான நிலையத்திலிருந்து நேராக அலுவலகம். அங்கே இருக்கும் பெண்மணியை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். கையெழுத்து இல்லாவிட்டாலும் ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னால் செய்வாள். அதற்குள் மகளிடம் உட்கார்ந்து பேசி, அழுது, சண்டை போட்டு ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று கணக்கு.

பெட்டியைப் போட்டுவிட்டு, பாதுகாப்பு வரிசைக்கு முன்னால் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். என் கணக்கை அவரிடம் சொன்னேன். அவர் ஸ்வெட்டரின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“நேத்து நீ சொன்னியே, அது எனக்குத் தெரியும்” என்றார்.

எது என்றேன்.

“ஜனவரில திருப்பி அனுப்சிடுவாங்களோன்னு நீ பயந்துகினு இருந்தது.”

யார் சொன்னது என்று கேட்டேன்.

“நீதான். அந்த நீலக் கடுதாசில. குளிர் அதிகம்னு எழுதறதுக்கு முன்னாடி ஒரு வரி. ‘ஜனவரியில் வந்துவிடுவேன் போலிருக்கிறது அண்ணா’ன்னு எழுதி, அடிச்சிருந்த. ஒத்தக் கோடு. நான் இன்ஸ்பெக்டர்மா. அடிச்சதத்தான் மொதல்ல படிப்பேன்.”

இருபத்து நான்கு வருடம். எழுதியது எனக்கு நினைவே இல்லை. அடித்தது நினைவில்லை. என் கை தானாகச் செய்திருக்கிறது.

மெல்ல மெல்லச் சொன்னார். அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, படப்பையில் ஒரு பள்ளிக்கூடத்தின் தாளாளரைப் போய்ப் பார்த்திருக்கிறார். தங்கச்சி வந்தாலும் வருவாள், வந்தால் கணக்கு டீச்சர் வேலை வேண்டும், பிப்ரவரி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று. நான் படிக்கிற அறையின் கூரை ஓடுகளை மாற்றியிருக்கிறார். திரும்பினால் எந்த முகத்தோடு போவது என்று நான் இங்கே நடுங்கி எழுதிய அந்த ஒரு வரியை வைத்து, அங்கே ஒரு நாற்காலியும் ஒரு கூரையும் எனக்காகத் தயாராகிக்கொண்டிருந்திருக்கின்றன. மார்ச்சில் நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்த பிறகுதான் தாளாளரிடம் போய், வேணாம் சார், அவ அங்கியே கீறா என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

“அடிச்சிட்டியேமா. அடிச்சப்புறம் நான் கேக்கக்கூடாது. ஆனா நீ கிழிக்கல. அதனால படிச்சேன்.”

அவருடைய விமானத்துக்கு அழைப்பு வந்தது. எழுந்து வரிசையில் போய் நின்றார். பையைத் தோளில் மாட்டினார், கடவுச்சீட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

“எடு அத.”

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். நான்கு மடிப்பையும் பிரித்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, காரணம் எழுதவேண்டிய கட்டத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பிடித்தார். வாய் அசைந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். திரும்ப மடித்து, என் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

“எனக்கு அவ்ளோ இங்கிலீஷ் வராது. முன்னாடி இன்னா கீதுன்னு புரியல. கடைசில ‘நெக்ஸ்ட் இயர்’னு எழுதி அடிச்சிக்கீறா. அது எனக்குப் படிக்கத் தெரியும். ஒத்தக் கோடுதான் போட்டுக்கீறா, ரூபி. அவள ஒண்ணும் கேக்காத. நீ ஒருவாட்டி படி. படிச்சிட்டு, எங்கேர்ந்து எடுத்தியோ அங்கியே மாட்டிடு.”